பிரஸ் ஷாப்பில் மாதாந்திர பாதுகாப்பு ஆய்வு: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?

கேள்வி: பட்டறை_மேற்பார்வை

வணக்கம். கோவை கணபதிப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப் (தகட்டை டை என்னும் கீழ் அச்சில் வைத்து, பஞ்ச் என்னும் மேல் அச்சால் அடித்து வெட்டும் பட்டறை). 38 பேர், இரண்டு ஷிஃப்ட். 10 டன்னிலிருந்து 75 டன் வரை ஏழு மெக்கானிக்கல் பவர் பிரஸ் இருக்கிறது. அதில் ஐந்து கீ கிளட்ச், இரண்டு ஏர் கிளட்ச் (ஃப்ளைவீலின் சுழற்சியை, பஞ்சைத் தாங்கி இறங்கும் ஸ்லைடோடு இணைப்பது கிளட்ச்). அவை போக ஒரு ஷியரிங் மெஷின், இரண்டு லேத், இரண்டு பெஞ்ச் கிரைண்டர், நான்கு ஆங்கிள் கிரைண்டர், இரண்டு வெல்டிங் செட், 500 லிட்டர் டேங்க் கம்ப்ரசர், டை தூக்க 1 டன் செயின் பிளாக்.

மாதம் ஒருமுறை பாதுகாப்பு ஆய்வு செய்து பதிவேட்டில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கையில் கிடைத்த செக்லிஸ்ட்டில் 'மெஷினுக்கு கார்டு உள்ளதா: ஆம்/இல்லை' என்கிற மாதிரிதான் எல்லா வரியும். டிக் அடித்தால் அரை மணியில் முடிந்துவிடும், ஆனால் என்ன தெரிந்துகொண்டேன் என்று கேட்டால் பதில் இல்லை. உண்மையில் எதை அளக்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. ஆடிட்டுக்கு வந்த கஸ்டமர் ஏழு பிரஸ்ஸிலும் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் உணரும் ஒளித் திரை) போடச் சொல்கிறார். முதலாளியும் விலை கேட்டு வைத்திருக்கிறார். போடலாமா?

பதில் 1: டைசெட்டர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கீ கிளட்ச் பிரஸ் ஐந்துக்கும் லைட் கர்ட்டன் வாங்க வேண்டாம். காசு வீண். அதைவிட மோசம், ஆபரேட்டர் அதை நம்பிக் கை வைப்பார்.

கீ கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் கிராங்க் முழுச் சுற்று சுற்றித்தான் நிற்கும். பாதி வழியில் நிறுத்த வழியே இல்லை. லைட் கர்ட்டன் கையைப் பார்த்து சிக்னல் கொடுக்கும், அந்த சிக்னலை வாங்கி ஸ்லைடை நிறுத்த மெஷினுக்குள் எதுவும் கிடையாது. அமெரிக்க விதிகளில் முழுச்சுற்று கிளட்ச் பிரஸ்ஸுக்கு இந்த வகைக் கருவியை வெளிப்படையாகவே தடுத்திருக்கிறார்கள்.

இந்த ஐந்துக்கும் தேவை டையைச் சுற்றி நிலையான கூண்டு. பொருள் போகும் வாய் மட்டும் திறந்திருக்கலாம். ஆய்வில் 'கார்டு உள்ளதா' என்று எழுதாதீர்கள், இரண்டு அளவு எழுதுங்கள்: வாயின் திறப்பு எத்தனை மி.மீ., அங்கிருந்து பஞ்ச் எவ்வளவு தூரம். திறப்பு 6 மி.மீ.க்குள் என்றால் பஞ்சுக்கும் கூண்டுக்கும் 13 மி.மீ. தூரம் போதும். 9 மி.மீ. என்றால் 38 மி.மீ.க்கு மேல் வேண்டும். 12 மி.மீ. என்றால் 64 மி.மீ.க்கு மேல். ஷீட் தடிமன் மாறி டை மாறும்போது வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கூண்டு இருக்கும், அளந்து பார்த்தால் நான்கு விரலும் உள்ளே போகும். ஒரு அட்டையை விரல் தடிமனுக்கு வெட்டி எடுத்துப் போய் நுழைத்துப் பாருங்கள். மெஷின் நிறுத்தி இருக்கும்போது மட்டும்.

அடுத்தது ரிப்பீட் அடி. ஒரு மிதிக்கு இரண்டு அடி விழுவது கீ கிளட்ச்சில் விரல் போக ஒரு முக்கியக் காரணம். லாட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கீயின் முனை தேய்ந்து உருண்டிருக்கும், அல்லது பேண்ட் பிரேக் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கும். டை இல்லாமல் சிங்கிள் ஸ்ட்ரோக்கில் வைத்து, பெடலை மிதித்தபடியே பிடித்துக்கொண்டு 20 தடவை பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே அடியோடு மேலே நின்றாக வேண்டும். கிராங்க் முனையிலும் ஃபிரேமிலும் ஒரு கோடு போட்டு வைத்தால், உச்சியைத் தாண்டி எவ்வளவு ஓடி நிற்கிறது என்று மாதாமாதம் ஒப்பிடலாம். ஓட்டம் கூடிக்கொண்டே போனால் பிரேக் பிடிப்பு குறைகிறது. அதற்கு இறுக்குவது மட்டும் மருந்து ஆகாது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 20-இல் ஒன்று இரட்டை அடித்தாலும் மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். 'அடுத்த ஞாயிறு பார்க்கலாம்' என்ற பேச்சு கூடாது.

பெடலுக்கு மேலும் பக்கமும் மூடிய உறை இருக்கிறதா, பெடல் திரும்பும் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். கீழே விழுந்த ஸ்க்ராப் துண்டு பெடலை அழுத்தினாலும் பிரஸ் அடிக்கும்.

ஏர் கிளட்ச்சைப் பாதி வழியிலும் விடுவித்து நிறுத்த முடியும், அதனால் அந்த இரண்டுக்கும் லைட் கர்ட்டன் போடலாம், நிபந்தனையோடு. கிளட்ச்சுக்குக் காற்று கொடுக்கும் வால்வு இரட்டை வால்வாக, ஒன்று ஒட்டிக்கொண்டால் தானே கண்டுபிடித்து நிறுத்தும் வகையாக இருக்க வேண்டும். ஒற்றை சோலனாய்டு ஒட்டிக்கொண்டால் கர்ட்டன் சிக்னல் கொடுத்தாலும் ஸ்லைடு இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு நிற்கும் நேரத்தை மீட்டர் வைத்து அளக்க வேண்டும், ஸ்லைடு வேகமாக இறங்கும் 90 டிகிரியில். கர்ட்டன் இருக்க வேண்டிய தூரம் (மி.மீ.) = 2000 × மொத்த நிற்கும் நேரம் (வினாடி) + 8 × (கர்ட்டன் பகுப்பு − 14). பகுப்பு என்பது கர்ட்டன் கண்டுபிடிக்கும் மிகச் சிறிய பொருளின் அளவு, மி.மீ.யில். பகுப்பு 14 மி.மீ., நேரம் 0.2 வினாடி என்றால் 400 மி.மீ. சப்ளையர் ஆள் வசதிக்காக டை ஓரத்திலேயே 150 மி.மீ.யில் பொருத்திவிட்டுப் போய்விடுவார். டேப் எடுத்து அளந்து எழுதுங்கள். விடை 500-ஐத் தாண்டினால் 2000-க்குப் பதில் 1600 போட்டு மறுபடி கணக்கிடலாம், ஆனால் 500-க்குக் கீழே மட்டும் கொண்டுவரக் கூடாது. பக்கவாட்டிலும் பின்னாலும் தகடு அடைக்காமல் முன்னால் மட்டும் கர்ட்டன் வைப்பதில் அர்த்தமில்லை.

டை மாற்றும் நேரத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். பட்டனை ஆஃப் செய்த பிறகும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும், அது முழுதாக நிற்கும்வரை கை உள்ளே போகக் கூடாது. ஸ்லைடுக்கும் பெட்டுக்கும் நடுவே முட்டுக்கட்டை வைக்க வேண்டும். அந்தக் கட்டை ஸ்லைடின் எடையைத்தான் தாங்கும், மோட்டார் ஓடினால் தாங்காது. அதனால் கட்டையைச் சங்கிலியால் ஒரு மின் பிளக்கோடு கட்டி, முட்டு வைக்கக் கட்டையை அதன் இடத்திலிருந்து எடுத்தாலே பிளக் கழன்று மோட்டார் சர்க்யூட் துண்டாகும்படி செய்திருக்க வேண்டும். கையால் ஃப்ளைவீல் திருப்பும் கம்பியை அதன் துளையிலேயே விட்டுவிட்டு மோட்டார் போட்டால் அது பறந்து வந்து அடிக்கும். ஸ்பிரிங் வைத்துத் தானே வெளியே வரும் கம்பியாக மாற்றச் சொல்லுங்கள்.

பதில் 2: எமரிவீல்

பிரஸ்ஸை மேலே சொல்லிவிட்டார். நான் மற்ற மெஷின்கள்.

பெஞ்ச் கிரைண்டரில் ஃபீலர் கேஜும் ஸ்கேலும் எடுத்துப் போங்கள். டூல் ரெஸ்ட்டுக்கும் வீலுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள். மேல் நாக்குத் தகட்டுக்கும் வீலுக்கும் 6 மி.மீ.க்குள். வீல் தேயத் தேய இது தானாகவே கூடும், அதனால் மாதாந்திர ஆய்வு போதாது, வாரம் ஒருமுறை ஆபரேட்டரே சரிசெய்ய வேண்டும். இடைவெளி 8, 10 என்று போனால் சின்ன வேலைப்பொருள் உள்ளே இழுபட்டு வீல் உடையும்.

வீல் லேபிளில் எழுதிய அதிகபட்ச ஆர்பிஎம், மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆர்பிஎம்மைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வீலை இருபுறமும் பிடிக்கும் ஃப்ளேஞ்ச் இரண்டும் ஒரே விட்டம், குறைந்தது வீல் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. 200 மி.மீ. வீலுக்கு 67 மி.மீ. நடுவில் காகித வாஷர் இல்லாமல் இறுக்கியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். ஸ்டோரில் இருக்கும் புது வீலை (பீங்கான் பிணைப்பு வகை) துளையில் விரல் விட்டுத் தூக்கி, மரக் கைப்பிடியால் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தையாகக் கேட்டால் விரிசல். வீல் ஈரமாக இருந்தாலும் மொத்தையாகத்தான் கேட்கும், காயவிட்டுத் தட்டுங்கள். ரெசின் வீலில் இந்தச் சோதனை நம்பகமில்லை.

ஆங்கிள் கிரைண்டரில்தான் நம்ம ஊர்ப் பட்டறைகளில் அதிகக் கோளாறு. 4 அங்குல மெஷின் பெரும்பாலும் 11,000 ஆர்பிஎம். அதற்கான டிஸ்க் வினாடிக்கு 80 மீட்டர் வேகம் தாங்கும். கார்டைக் கழற்றிவிட்டு அதில் 7 அங்குல டிஸ்க் மாட்டினால் விளிம்பு வேகம் வினாடிக்கு 104 மீட்டர். சிதறுவதற்கு அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம். கார்டு இல்லாத ஆங்கிள் கிரைண்டர் என்றால் அதில் எந்த டிஸ்க் மாட்டுகிறார்கள் என்று உடனே பாருங்கள். மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டியிருப்பதும் உண்டு, அதைப் பறிமுதல் செய்துவிடுங்கள். டிஸ்க் நடு வளையத்தில் காலாவதி மாதம் அச்சிட்டிருக்கும். ரெசின் காலத்தில் வலுவிழக்கும், அதனால் தேதி போனதை வெட்டி எறியுங்கள். குப்பைத்தொட்டியில் முழுதாகப் போட்டால் திரும்ப மெஷினுக்கே வந்துவிடும்.

ஷியரிங் மெஷினில் எல்லோரும் முன்பக்க விரல் தடுப்பைப் பார்ப்பார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். வெட்டிய துண்டு அங்கேதான் விழும், பொறுக்குகிற ஆளின் கை பிளேடுக்கு எட்டும். பின்னால் வேலியும் சரிவுத் தட்டும் வேண்டும்.

லேத்தில் சக் கீ (சக்கை இறுக்கும் சாவி) தானே வெளியே வரும் ஸ்பிரிங் வகையா, ஹெட்ஸ்டாக்குக்குப் பின்னால் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா, கையில் எமரித் தாளைச் சுற்றிப் பிடிக்கிறார்களா, கையுறை போட்டிருக்கிறார்களா. கடைசி இரண்டும் மெஷின் ஓடும்போதுதான் தெரியும். ஆய்வை மதிய உணவு இடைவேளையில் வைத்தால் எதுவும் கண்ணில் படாது. இரவு ஷிஃப்ட்டிலும் ஒருமுறை செய்யுங்கள்.

செயின் பிளாக்குக்கு முதலில் டையின் எடை தெரிய வேண்டும். 600 × 400 × 300 மி.மீ. இரும்பு டை சுமார் 565 கிலோ (லிட்டருக்கு 7.85 கிலோ). ஒவ்வொரு டையிலும் எடையைக் குத்தி வையுங்கள். இரண்டு கால் ஸ்லிங் தரையோடு 60 டிகிரியில் இருந்தால் ஒரு காலுக்கு 326 கிலோ வரும். 30 டிகிரிக்குச் சாய்ந்தால் ஒவ்வொரு காலுக்கும் முழு 565. ஐ போல்ட்டைப் பக்கவாட்டில் 45 டிகிரியில் இழுத்தால் அதன் திறன் கால்வாசி அளவுக்கு விழுந்துவிடும். கொக்கியின் வாய் அகலத்தை இரண்டு பஞ்ச் குறி வைத்து அளந்து எழுதுங்கள், 5 சதவீதம் விரிந்தாலே மாற்ற வேண்டும். கொக்கி நாக்கு (வாயை மூடும் பாதுகாப்புத் தகடு) இல்லையென்றால் அன்றைக்கே நிறுத்தம். தகுதிபெற்ற நபரின் சான்றிதழ் 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும், 2025 நவம்பர் வரை இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு சொன்னது அது.

பதில் 3: எர்த்பிட்

மின்சாரம், கம்ப்ரசர், வெளிச்சம், சத்தம். சுருக்கமாக முயல்கிறேன்.

ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒவ்வொன்றிலும் 'டி' பட்டனை அழுத்துங்கள், விழுகிறதா பாருங்கள். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர். பட்டன் வேலை செய்தால் உள் இயக்கம் சரி என்றுதான் பொருள், எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. எர்த்துக்குத் தனி அளவீடு உண்டு. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் பைபாஸ் செய்து வைத்திருப்பார். பெரும்பாலும் உள்ளே எங்கோ நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கும், அல்லது நனைந்த பிளக் டாப். காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்து எர்த் ஒயர் இருக்கிறதா பாருங்கள், வெளியே மூன்று துளை இருப்பதை நம்பாதீர்கள். இரட்டைச் சதுரக் குறி (எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு) உள்ள கிரைண்டருக்கு இரண்டு கம்பி கேபிள் சரியே, அதைக் குறை என்று எழுதி எலக்ட்ரீஷியனிடம் பேச்சு வாங்காதீர்கள்.

வெல்டிங் ரிட்டர்ன் கேபிளின் கிளாம்ப் வேலைப்பொருளிலேயே இருக்க வேண்டும். பிரஸ் ஃபிரேமிலோ ரேக்கிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக, செயின் பிளாக் சங்கிலி வழியாக, பக்கத்து மெஷினின் எர்த் ஒயர் வழியாகவும் போகும். எர்த் ஒயர் உருகிப்போனது வெளியே தெரியாது.

கம்ப்ரசர் டேங்க் அடிக்குழாயை உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். துருநிறத் தண்ணீர் நிறைய வந்தால் தினமும் வடிப்பதில்லை, டேங்க் அடித்தகடு உள்ளேயிருந்து அரிக்கிறது. சேஃப்டி வால்வில் குத்தியிருக்கும் அழுத்தம் டேங்க் பலகையில் உள்ள அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. வால்வு லீக் ஆகிறது என்று பிளக் போட்டு அடைத்திருந்தால் கம்ப்ரசரை நிறுத்துங்கள். பெல்ட் கார்டு சுவர்ப் பக்கமும் இருக்கிறதா? ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் கன்னால் சட்டையைத் தட்டுகிறார்களா? 8 பார் காற்று தோலுக்குள் போனால் ஆபத்து. சுத்தம் செய்யும் கன்னை 2 பாருக்குக் குறைக்கும் முனை கிடைக்கும்.

வெளிச்சத்தை அடிபடும் இடத்தில், ஆள் நிற்கும்போது விழும் நிழலோடு அளக்க வேண்டும். சாதாரண மெஷின் வேலைக்கு 300 லக்ஸாவது. லேத் மேலே இருப்பது மலிவு எல்இடியா, பழைய சோக் டியூப்லைட்டா பாருங்கள். அது வினாடிக்கு 100 முறை மின்னும். மூன்று தாடை சக் 2000 ஆர்பிஎம்மில் சுற்றும்போதும் வினாடிக்கு 100 தாடை கடக்கும். சக் நின்றிருப்பது போலத் தெரியும், கை வைத்துவிடுவார்கள்.

சத்தத்துக்கு ஃபோன் ஆப் ஒரு குறிப்புக்கு மட்டும். ஆபரேட்டர் காது அருகே சரியான மீட்டரில், ஏ வெயிட்டிங், ஸ்லோ வைத்து அளக்க வேண்டும். நம் விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி. 85 வந்தாலே காது அடைப்பான் கொடுப்பது நல்லது. அதன் பாக்கெட்டில் என்ஆர்ஆர் (சத்தம் குறைக்கும் அளவு) 29 என்று போட்டிருந்தால் 29 குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். 7-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள், 11-தான். 98 டெசிபல் 87 ஆகும். பிரஸ் ஷாப்பில் சத்தத்தில் ஒரு பங்கு ஊதித்தள்ளும் காற்றுக் குழாயிலிருந்து வருவது. சாதாரணச் செப்புக் குழாயை நசுக்கி வைத்திருப்பதை எடுத்துவிட்டு சத்தம் குறைந்த நாசில் போட்டால் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

தீயணைப்பானில், மீட்டர் உள்ள பவுடர் வகைக்கு முள் பச்சையில் இருக்கிறதா பாருங்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு மீட்டரே கிடையாது, எடை போட வேண்டும். வாயு 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் நிரப்பணும்.

பட்டறை_மேற்பார்வை

மிக்க நன்றி. டைசெட்டர் சாரிடம் ஒரு கேள்வி. கீ கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை எடுத்துவிட்டு இரண்டு கை பட்டன் வைத்தால் கூண்டு இல்லாமல் ஓட்டலாமா? முதலாளிக்கு அந்த யோசனை பிடித்திருக்கிறது. கூண்டு வைத்தால் உற்பத்தி குறையும் என்கிறார். ஆபரேட்டர்களும் இருக்கிற கூண்டையே கழற்றி ஓரமாக வைக்கிறார்கள்.

டைசெட்டர்

பட்டனை விட்ட பிறகும் பிரஸ் அடித்தே தீரும் என்பதால் பட்டன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் முழுக் கணக்கும். நிமிடத்துக்கு 60 அடி அடிக்கும் பிரஸ்ஸுக்கு ஒரு சுற்று 1 வினாடி. கிளட்ச் பிடிக்க ஃப்ளைவீலில் இரண்டு இடம் இருந்தால், அழுத்தியதிலிருந்து டை மூடும்வரை அதிகபட்சம் (½ + ½) × 1 = 1 வினாடி ஆகலாம். கை வினாடிக்கு 1.6 மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வார்கள். ஆக, பட்டன் டையிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால் 2.4 மீட்டர். அவ்வளவு தூரத்தில் வைத்து யார் வேலை செய்வார்கள்? 30 செ.மீ.யில் வைத்த பட்டன் வெறும் அலங்காரம். ரிப்பீட் அடி விழுந்தால் 1.6 மீட்டரும் உதவாது. முதலாளியிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

கூண்டைக் கழற்றுகிறார்கள் என்றால் ஆளைத் திட்டுவதற்கு முன் ஏன் என்று பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒன்று: ஸ்க்ராப் அடைத்துக்கொள்கிறது, துண்டு தானாக வெளியே வருவதில்லை, உள்ளே கண் தெரிவதில்லை. முதலாவதுக்கு டையில் சரிவு, இரண்டாவதுக்குக் காற்று அல்லது ஸ்பிரிங் எஜெக்டர், மூன்றாவதுக்குக் குறுக்குப் பட்டிகளுக்குப் பதில் செங்குத்துப் பட்டிகள், அல்லது பாலிகார்பனேட் தகடும் உள்ளே ஒரு விளக்கும். சறுக்குத் தட்டில் துண்டை வைத்துத் தள்ளிவிட்டால் கூண்டோடு வேகம் கூடுவதும் உண்டு.

எமரிவீல்

பதிவேடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'கண்டது' என்ற கட்டத்தில் எண்ணோடு எழுதுங்கள். 'பெஞ்ச் கிரைண்டர் 2, வலது வீல், ரெஸ்ட் இடைவெளி 7 மி.மீ.' என்றிருந்தால் அடுத்த மாதம் ஒப்பிடலாம். 'கிரைண்டர் சரியில்லை' என்றால் முடியாது. அதன் பக்கத்தில் உடனே என்ன செய்தது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், சரிசெய்ததை யார் எப்போது பார்த்தது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளை அடுத்த மாத ஆய்வின் முதல் பக்கத்தில் திரும்ப எழுதுங்கள்.

எந்தக் குறைகளுக்கு நீங்களே மெஷினை நிறுத்தலாம் என்று முதலாளியிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். என் பட்டியல்: ரிப்பீட் அடி, கூண்டு இல்லாத பிரஸ், விரிசல் வீல், நாக்கில்லாத கொக்கி, அடைத்த சேஃப்டி வால்வு, பைபாஸ் செய்த ஆர்சிசிபி. சம்பவம் நடக்கும் நேரத்தில் அனுமதி கேட்டு ஃபோன் அடித்துக்கொண்டிருக்க முடியாது.

படிவங்கள் விஷயத்தில் ஒன்று: 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் பழைய படிவ எண்ணை அப்படியே அச்சடிக்காமல் கோவையில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறை_மேற்பார்வை

நாளைக்கே ஐந்து கீ கிளட்ச் பிரஸ்ஸிலும் 20 அடி சோதனை. கிராங்க்கில் கோடு போட பெயின்ட் மார்க்கர் போதுமா?

டைசெட்டர்

எண்ணெயில் அழிந்துவிடும். மெயினைப் பூட்டி ஃப்ளைவீல் நின்ற பிறகு உளியால் மெல்லக் கீறுங்கள், அதன் மேல் பெயின்ட். 20 அடி பார்க்கும்போது பக்கத்து ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பெடலை நீங்களே மிதியுங்கள்.